வயிற்றில் ஏழு மாதம், நாரியில் நோ: கைரோபிராக்டரிடம் போகலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். உங்களுக்கு இப்போது 29 வாரம். இரண்டு கிழமையாக இடப்பக்க நாரிக்குக் கீழே, பின்புறத்தில் நோ. கட்டிலில் புரண்டு படுக்கவே முடியவில்லை. வேலையிடத்துத் தோழி தன்னுடைய கைரோபிராக்டரிடம் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அமத்தி நோவைக் குறைக்கப் பார்க்கிறவர்) போகச் சொல்கிறார். தலை மேலே இருக்கிற பிள்ளையை அவர் திருப்பியும் விடுவார் என்கிறார். மாமியாரோ, "வயித்துப்பிள்ளையோட எலும்பை நொறுக்கவோ போறாய்?" என்று அதட்டுகிறார். பிள்ளை பிறந்த பிறகு போகலாமா, 49 வயது அம்மாவின் தோள்நோவுக்கு அவரையும் கூட்டிப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

என் பக்கச் சாய்வை முதலே சொல்லிவிடுகிறேன். நான் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் 16 வருடமாக வேலை செய்கிற பிசியோதெரபிஸ்ட். ஒரு வகையில் கைரோபிராக்டர்களுக்குப் போட்டிக் கடைக்காரி. அதேநேரம் எங்கள் கிளினிக்கில் அடுத்த அறையில் ஒரு கைரோபிராக்டர் இருக்கிறார். மத்தியானச் சோற்றை இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போகலாம். நோவுக்காகப் போகலாம். பிள்ளையைத் திருப்புவதற்கு, ஹோர்மோனைச் சரிப்படுத்துவதற்கு, "விலகின எலும்பை ஏற்றுவதற்கு" என்று போனால் காசும் நேரமும்தான் போகும்.

புரண்டு படுக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அந்த ஒன்றிலேயே பாதி விளங்கிவிட்டது. வெறும் நாரி உளைவு என்றால் நெடுநேரம் நின்றால், இருந்தால் கூடும். கட்டிலில் புரளும்போது, காரிலிருந்து ஒரு காலை வெளியே வைக்கும்போது, ஒற்றைக்காலில் நின்று காற்சட்டை போடும்போது, படி ஏறும்போது குத்துகிறதென்றால் அது பெரும்பாலும் இடுப்பு வளையத்து நோ. முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டு பின்னால் இரண்டு பக்கமும் இருக்கிறது. முன்னால் அடிவயிற்றுக்குக் கீழே இன்னொரு மூட்டு. கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு இந்த நோ வரும். ரிலாக்சின் ஹோர்மோன் மூட்டையெல்லாம் தளர்த்துவதால் வருகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ரிலாக்சின் உச்சத்தில் இருப்பது முதல் மூன்று மாதத்தில். நோ கூடுவது கடைசிப் பகுதியில். பாரம் கூடுவது, வயிற்றுத் தசை இழுபடுவது, நித்திரை குறைவது, முந்தி வந்த நோ என்று பலதும் சேர்ந்துதான் இது வருகிறது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலைக் கட்டிலிலிருந்து ஒரு சாண் அளவு தூக்குங்கள். பிறகு மற்றக் காலை. நோகிற பக்கத்துக் கால் யாரோ பிடித்து வைத்திருப்பதுபோலப் பாரமாக இருக்கும். இப்போது கணவரை இடுப்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து உள்நோக்கி அமத்தச் சொல்லிவிட்டுத் திரும்பத் தூக்குங்கள். கால் சட்டென்று இலேசானால் உங்களுக்கு இடுப்புப் பட்டி உதவக்கூடும், தசைப் பயிற்சியும் உதவக்கூடும். இது முடிந்ததும் பக்கவாட்டில் திரும்பிவிடுங்கள்; இந்த மாதத்தில் நெடுநேரம் மல்லாந்து கிடந்தால் கர்ப்பப்பையின் பாரம் பெரிய நாளத்தை அமத்தித் தலை சுற்றும்.

கைரோபிராக்டரின் மேசையில் என்ன நடக்கும் என்று மாமியாருக்கும் விளங்கச் சொல்கிறேன். பழகிய ஆள் என்றால் உங்களைப் பக்கவாட்டில் படுக்கவைப்பார், இல்லையென்றால் வயிற்றுக்குப் பள்ளம் விட்ட தலையணைமேல் குப்புற. மேசையின் இடுப்புப் பகுதி மட்டும் ஒரு அங்குலம் உயர்ந்து நிற்கும். பின்புறத்தில் கையை வைத்து ஒரு சின்ன அமத்து. அந்தப் பலகை 'டக்' என்று கீழே விழும். சத்தம் மேசையுடையது, உங்கள் எலும்புடையது இல்லை. முதல் தடவை எல்லோரும் திடுக்கிடுவார்கள். வேறு சிலர் பேனா அளவுக் கருவியால் தட்டுவார்கள், தசையை நீவுவார்கள். எழும்பும்போது அரைவாசிப் பேராவது "பரவாயில்லை, கொஞ்சம் இலேசு" என்பார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த இலேசுக்குக் காரணம் எலும்பு விலகி, திரும்ப இடத்துக்கு வந்தது அல்ல. ஊரில் முறிவு நெரிவு வைத்தியரிடம் போய் வளர்ந்த எங்களுக்கு 'விலகல்' என்ற சொல் சட்டென்று பிடித்துவிடும். கிளினிக்கில் அதையே நாகரிகமாகச் சொன்னால் இன்னும் நம்புவோம். அந்த இடுப்பு மூட்டு அசைவது சில மில்லிமீற்றர்தான், அதைச் சுற்றி எலும்புகளைப் பிணைக்கிற நார் உடம்பிலேயே மிகத் தடித்தவற்றில் ஒன்று. 1998 இல் சுவீடனில் பத்து நோயாளிகளின் எலும்பில் நுண்ணிய உலோக மணிகளைப் பொருத்தி, மூட்டை அமத்துவதற்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே எடுத்து அளந்தார்கள். அமத்தியவர்கள் "இடத்துக்கு வந்துவிட்டது" என்றார்கள். அளவில் எலும்பு அசையவே இல்லை. விரல் நெட்டி முறிக்கிற சத்தத்தை அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள்ளேயே வைத்துப் படமெடுத்தார்கள். 2015 இல் வெளிவந்த அந்தப் படத்தில் தெரிந்தது மூட்டுத் திரவத்துக்குள் ஒரு வாயு வெளி உருவாவது. அப்போ நோ ஏன் குறைகிறது? தொடுகையும் அமத்தமும் நரம்பு வழியாகத் தசை இறுக்கத்தைத் தளர்த்துகின்றன, நோவின் உரப்பைக் கொஞ்ச நேரம் குறைக்கின்றன. அந்த இடைவெளி பொய் இல்லை. அது எவ்வளவு நேரம் நிற்கிறது, அதற்குள் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் விஷயம்.

அமெரிக்காவில் 57 கர்ப்பிணிகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒன்றுக்குக் கைரோபிராக்டிக் அமத்து, மூன்றாவதுக்கு வேறொரு முறை என்று செய்து பார்த்த ஒரு சிறு ஆய்வு 2012 இல் வந்தது. எல்லாக் குழுவிலும் முன்னேற்றம் இருந்தது. குழுக்களுக்கிடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பெரிய தொகுப்பாய்வுகளும் கர்ப்பகால நாரிநோவுக்கு உடற்பயிற்சி உதவும் என்றுதான் சொல்கின்றன, அதுவும் பலமான சான்று என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லாமல். ஆகவே என் நோயாளிகளுக்கு நான் சொல்வது: கைரோபிராக்டரிடம் போய் நோ இறங்கினால் நல்லது, அந்த இறங்கிய இரண்டு நாளில் பயிற்சியைத் தொடங்குங்கள். புரளும்போது முழங்கால் இரண்டுக்கும் நடுவில் தலையணையை இறுக்கிக்கொண்டு ஒரே கட்டையாகப் புரளுங்கள். கார் இருக்கையில் ஒரு பொலித்தீன் பையை விரித்து, அதன்மேல் இருந்தபடியே இரண்டு காலையும் சேர்த்துச் சுழன்று இறங்குங்கள். பத்துச் சதச் செலவில்லை, பல பேருக்கு என் கையைவிட அந்தப் பை கூட உதவியிருக்கிறது.

இந்த 'விலகல்' கதைக்கு எங்கள் ஊர்த் தொடர்பும் உண்டு. கைரோபிராக்டிக்கைத் தொடங்கிய டி.டி. பாமர் 1845 இல் பிறந்தது பிக்கரிங்கில், இப்போது எங்கள் சனம் வீடு வாங்குகிற ஏஜாக்ஸ் பக்கம். அமெரிக்கா போய், 1895 இல் அயோவா மாநிலத்து டாவன்போர்ட்டில் காது கேளாத ஒருவரின் முதுகை அமத்திக் காது கேட்கச் செய்தேன் என்று சொல்லித்தான் தொழிலையே ஆரம்பித்தார். ஏறத்தாழ எல்லா நோயும் முதுகெலும்பு விலகலால் என்பது அவர் கொள்கை. இன்று அந்தத் தொழிலில் இரண்டு வகை ஆட்கள்: முதுகு, கழுத்து, மூட்டு நோவோடு நிற்கிறவர்கள், இன்னும் பாமர் வழியில் சகலத்தையும் முதுகெலும்பில் தேடுகிறவர்கள். எங்கள் மத்தியானச் சோற்று மேசைக்காரர் முதல் வகை. நீங்கள் தேட வேண்டியதும் அந்த வகைதான்.

இனி, பிள்ளையைத் திருப்புகிற கதை. அது வெப்ஸ்டர் முறை என்று பெயர் பெற்றது. லாரி வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கைரோபிராக்டர் பரப்பியது. அவர் 1986 இல் தொடங்கிய அமைப்பே இப்போது இதை இடுப்பு மூட்டுக்கான முறை என்றுதான் விளக்குகிறது. பிறகு எப்படித் தோழிக்குத் திரும்பியது? கணக்கைப் பாருங்கள். 28 வாரமளவில் நாலு பிள்ளைகளில் ஒன்று தலை மேலே இருக்கும். பிரசவ காலத்தில் அப்படி இருப்பது நூற்றுக்கு மூன்று நாலுதான். மிச்சப் பிள்ளைகளெல்லாம் தாங்களாகவே புரண்டுவிடுகின்றன. இடையில் யாரிடம் போனாலும் அவருக்குத்தான் பெயர் போகும். நான் பிசியோ செய்த பெண்களின் பிள்ளைகளும் திரும்பின, நான் விளம்பரம் போடவில்லை. 36 வாரத்திலும் தலை மேலேயே என்றால் டொக்டரிடமோ மிட்வைஃபிடமோ வயிற்றுக்கு வெளியிலிருந்து திருப்புவது பற்றிக் கேளுங்கள். ஸ்கானில் பார்த்து, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கவனித்து, ஆஸ்பத்திரியில் செய்வது. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குச் சரிவரும். கைரோபிராக்டரிடம் காத்திருந்து அந்த வாரத்தைத் தவறவிடுவதுதான் உண்மையான நட்டம்.

எப்போது போகவே கூடாது? போன மாரியில் 34 வாரப் பெண் ஒருவர், காலில் நரம்பு இழுக்கிறது என்று அடுத்த அறைக்கு வந்தார். என் சகா அவரை மேசையில் ஏற்றவில்லை. இடது கெண்டைக்கால் மினுங்கிக்கொண்டு இருந்ததாம். அளவு நாடாவை எடுத்து இரண்டு காலையும் சுற்றி அளந்தார்: மூன்று சென்ரிமீற்றர் வித்தியாசம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். நாளத்தில் இரத்தம் கட்டியிருந்தது. கைரோபிராக்டர் நல்லவரா என்று என்னைக் கேட்டால் கையின் திறமையைவிட இந்த நாடாவைத்தான் சொல்வேன்.

அதேபோல் இரத்தக் கசிவு, நீர் உடைதல், ஒழுங்கான இடைவெளியில் வந்து வந்து போகிற நாரிநோ (அது நேரத்துக்கு முந்திய பிரசவ நோவாக இருக்கலாம்), காய்ச்சலோடு விலாவுக்குக் கீழே நோ, கடும் தலையிடியோடு கண் மங்குதல், வலப்பக்க மேல்வயிற்றில் நோ, இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்துப்போய்ச் சலம் போக முடியாமை: இவற்றில் எது வந்தாலும் அது ஆஸ்பத்திரிக்கு உரியது, எங்கள் இருவருக்கும் உரியதல்ல. கர்ப்பத்தோடு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று எந்தக் கிளினிக் சொன்னாலும் எழும்பி வந்துவிடுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு என்று கேட்டிருந்தீர்கள். நாள் நட்சத்திரம் ஒன்றும் இல்லை. சிசேரியன் என்றால் காயம் ஆறட்டும். பால் கட்டிய மார்போடு குப்புறப் படுப்பது எவருக்கும் நரகம், அதையும் சொல்லிவிடுங்கள். அம்மா காயத்தூளும் சரக்குக் கறியும் சமைத்துத் தந்து, பிரசவத்தின்போது முதுகில் போட்ட ஊசியால்தான் வாழ்நாள் முழுக்க நாரிநோ என்றும் சொல்வார். கறியைச் சாப்பிடுங்கள், ஊசிக் கதையை விடுங்கள். ஊசி போட்ட இடம் சில நாள் நோகும், ஆனால் நெடுநாள் நாரிநோ ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வருகிறது. என் அறைக்கு வருகிற புதுத் தாய்மாரின் நோவுக்குக் காரணம் பெரும்பாலும் கார் சீற்றைப் பிள்ளையோடு ஒற்றைக் கையில் தூக்குவதும், பிள்ளையிடம் குனிந்து பால் கொடுப்பதும். தலையணையை அடுக்கிப் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். தும்மும்போது சலம் கசிந்தால் அதற்கென்று படித்த பிசியோதெரபிஸ்ட்டுகள் இருக்கிறார்கள். முதுகை நெட்டி முறிப்பதால் அது நிற்காது. பிறந்த பிள்ளையையும் மேசையில் வைத்து ஒருதரம் பார்ப்போமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்தக் காலத்தில் ஒன்றில் மட்டும் நான் பிடிவாதக்காரி: கழுத்தைச் சட்டென்று திருப்பி முறிக்க விடாதீர்கள். தலையிடி, கழுத்துநோ என்று நீங்கள் போவீர்கள். ஆனால் பிரசவத்துக்குப் பின் ஆறு கிழமை வரை இரத்த அழுத்தம் ஏறித் தலையிடி வரலாம், எழும்பினால் கூடிப் படுத்தால் குறைகிற தலையிடி முதுகு ஊசியின் துவாரத்தால் வரலாம், மூளை நாளத்தில் இரத்தம் கட்டலாம். கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது, ஆனால் பிரசவத்துக்குப் பிந்திய கிழமைகள் அதற்கும் ஏதுவான காலம். கைரோபிராக்டர்களுக்கு நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 1993 முதல் 2002 வரை ஒன்ராறியோ ஆஸ்பத்திரிகளில் கழுத்தின் பின்பக்க இரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட பக்கவாதத்தோடு சேர்க்கப்பட்ட 818 பேரை ஆராய்ந்தபோது, கைரோபிராக்டரிடம் போனவர்களுக்கு இருந்த தொடர்பு குடும்ப வைத்தியரிடம் போனவர்களுக்கும் இருந்தது. அதாவது பலருக்குக் குழாய் முன்னமே கிழிந்து, அந்த நோவோடுதான் போயிருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சரி, ஆனால் கிழிந்த குழாயை முறுக்குவது யாருக்கும் நல்லதல்லவே. கழுத்தைத் திருப்பாமல் செய்கிற வழிகள் எத்தனையோ உண்டு.

அம்மாவின் விஷயம் வேறு. 49 வயது, மாதவிடாய் பிந்திப் பிந்தி வருகிறது, இரவில் வியர்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மாதவிடாய் நிற்கப்போகிற இந்தக் காலத்தில் ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் இறங்க, மூட்டும் தசையும் நோவது பலருக்கு நடக்கிறது. அம்மாவைச் சுவரோடு நிற்கவைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை நீங்களே மெதுவாக வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். நல்ல கை திரும்புகிற அளவுக்கு நோகிற கை திரும்பாமல் கதவு பூட்டியதுபோல நின்றால், சட்டையின் பின்கொளுக்கியையும் போட முடியாமல் இருந்தால், அது உறைந்த தோளாக இருக்க வாய்ப்பு அதிகம். தோள் மூட்டின் உறை சுருங்குவது அது. 40 முதல் 60 வயதுக்குள் வரும், நீரிழிவோ தைரோயிட் கோளாறோ உள்ளவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம், ஒன்று முதல் மூன்று வருடம் இழுக்கும். முதுகை அமத்தி அந்த உறை இளகாது. ஆரம்பக் கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்ரீரொயிட் ஊசி நோவை நன்றாகக் குறைக்கும் (நீரிழிவு இருந்தால் சில நாள் சீனி ஏறும், கவனம்), பிறகு பொறுமையான பயிற்சி. ஆகவே அம்மாவின் முதல் நடை குடும்ப வைத்தியரிடம், சீனியும் தைரோயிட்டும் பார்க்க.

வியர்வைக்கும் நித்திரைக்கும் அங்கேயே கேளுங்கள். ஹோர்மோன் சிகிச்சை அவருக்குப் பொருந்துமா என்று பார்ப்பது வைத்தியரின் வேலை. முதுகெலும்பை அமத்தினால் ஹோர்மோன் சமநிலைக்கு வரும் என்று சில இடங்களில் பதாகையே தொங்குகிறது. பதாகைக்குக் காசு செலவானதைத் தவிர அதில் உண்மையில்லை.

எலும்பு பற்றியும் ஒரு வார்த்தை. கடைசி மாதவிடாய்க்கு ஒரு வருடம் முன்னிருந்து இரண்டு வருடம் பின்வரை எலும்பு மிகக் கெதியாகத் தேயும். அம்மாவுக்குச் சூலகத்தை முன்னமே எடுத்திருந்தால், நெடுநாள் ஸ்ரீரொயிட் குளிசை போட்டிருந்தால், பாட்டிக்கு இடுப்பு முறிந்திருந்தால், உயரம் குறைந்ததுபோல் பட்டால், எலும்படர்த்திப் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அது தெரியாமல் யாரும் அவர் முதுகில் விசையோடு அமத்தக் கூடாது. எலும்பு நன்றாக இருந்து, நாரி மட்டும் பிடித்திருந்தால் அம்மாவும் கைரோபிராக்டரிடம் தாராளமாகப் போகலாம்.

கடைசியாக, காசு. ஒன்ராறியோவில் 2004 டிசம்பரோடு அரச காப்புறுதி கைரோபிராக்டிக்குக்குக் காசு கொடுப்பதை நிறுத்திவிட்டது. வேலையிடத்துக் காப்புறுதியில் (பெனிபிட்ஸ்) வருடத்துக்கு ஒரு தொகை இருக்கும், சில திட்டங்கள் டொக்டரின் கடிதமும் கேட்கும். முதல் நாளே 36 தடவைக்குச் சேர்த்துக் கட்டச் சொன்ன ஒரு இடத்திலிருந்து என்னிடம் வந்த பெண்ணுக்குப் பெனிபிட்ஸ் முடிந்த கிழமையே "நீங்கள் சுகம்" என்று சொல்லியிருக்கிறார்கள். கட்டாதீர்கள். நாலு தடவை போய்ப் பாருங்கள். புரள்வது, படி ஏறுவது இவற்றில் மாற்றம் தெரியாவிட்டால் ஐந்தாவது தடவைக்கும் தெரியாது.

ஆளைத் தெரிவுசெய்ய, ஒன்ராறியோவின் கைரோபிராக்டர்களைப் பதிவுசெய்யும் கொலிஜின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். கொலிஜ் என்றாலும் அது படிப்பிக்கிற இடமில்லை, உரிமம் கொடுத்துக் கண்காணிக்கிற இடம். ஒழுக்காற்று நடவடிக்கை இருந்தால் அங்கே தெரியும். பிறகு போன் எடுத்து, 29 வாரம் என்று சொல்லி மூன்றே கேள்வி கேளுங்கள்: கர்ப்பிணிகளை எப்படிப் படுக்கவைப்பீர்கள், எத்தனை தடவையில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்துவீர்கள், என் மிட்வைஃபுக்குக் குறிப்பு எழுதுவீர்களா. வரவேற்பில் இருக்கிற பிள்ளை மூன்றாவதற்குத் தயங்கினால் அடுத்த பெயருக்குப் போங்கள்.